எழும்ப மாட்டேன் என்ற படகு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் அந்தப் படகை வாங்கியது மீன் பிடிக்க அல்ல, ஜாலியாகச் சுற்றவும் அல்ல. மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடத்தான் வாங்கினான்.

அவள் நர்ஸ். ஏரிக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் இருந்தவளை, அக்கரையில் புதிதாகத் திறந்த சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டு மாடியில் நின்று பார்த்தால் அந்தக் கட்டடத்தின் நீலக் கூரை பளிச்சென்று தெரியும். போய்ச் சேருவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும். விடியுமுன் எழுந்து பயணிகள் லாஞ்சைப் பிடிக்க வேண்டும். அது நேராகப் போகிற ஜாதி இல்லை. கரையோரத்துத் துறை ஒவ்வொன்றிலும் நின்று, ஆளையும் மூட்டையையும் சைக்கிளையும் ஏற்றி இறக்கி, எல்லாரிடமும் நலம் விசாரித்து முடித்துத்தான் அக்கரையைத் தொடும். சாயங்காலம் திரும்பவும் அதே கூத்து. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே அவள் தூங்கி விழுவதை அவன் கொஞ்ச நாள் பார்த்தான். அதற்கு மேல் பார்க்க மனசு கேட்கவில்லை.

படகு யோசனையைக் கொடுத்தவர் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ‘பீரோ’ என்று பட்டப்பெயர். ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே இருப்பவர்கள் விளக்கைப் போடுவார்கள். அக்கரையில் புதிது புதிதாக எழுந்த அடுக்குமாடிகளின் லிஃப்டெல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கும் தினமும் அதே லாஞ்ச், அதே அவதி. மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு சின்னப் படகு வாங்கினால் காலையில் மாப்பிள்ளை இருவரையும் அக்கரையில் இறக்கிவிட்டு, கடை திறக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பகை எதுவும் இல்லை. ஒட்டுதலும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒருவருக்கொருவர் மரியாதையாகத் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொள்கிற உறவு, அவ்வளவுதான்.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரிடம் பழைய ஃபைபர் படகு ஒன்று இருந்தது. கல்யாண ஜோடிகளை ஏரி நடுவில் உட்காரவைத்துப் படம் எடுக்க வைத்திருந்தார். பின்பலகையில் மாட்டிய மோட்டார், அதைத் திருப்ப ஒரு நீளக் கைப்பிடி, கைப்பிடி நுனியை முறுக்கினால் வேகம். ஸ்டுடியோக்காரர் ஓட்டிக் காட்டினார். அவர் தீக்குச்சி மாதிரி ஆள். படகு அவரையும் கண்ணாடிக்கடைக்காரனையும் ஏற்றிக்கொண்டு கொஞ்சம் முக்கிவிட்டு, சரேலென்று நீர் மேல் ஏறி ஓடியது. பார்த்ததும் மயங்கிவிட்டான். வாங்கிய கையோடு மனைவிக்கு முதுகு வலிக்கக் கூடாதென்று சாய்மானம் வைத்த மெத்தை இருக்கை ஒன்றைக் கொண்டுவந்து, படகின் தரையில் நாலு திருகாணி போட்டு இறுக்கி, தானே நாலு தடவை உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டான்.

முதல் நாள் மூன்று பேரும் ஏறினார்கள். நர்ஸ் சீருடையில், மடியில் பையுடன். மச்சான் நடுப்பலகையில், காலடியில் இரும்பு டூல் பெட்டியுடன். துறையை விட்டு விலகியதும் அவன் கைப்பிடியை முழுக்க முறுக்கினான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெதுவாகப் போகும்போது எந்தப் படகும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் போகும். வேகம் கூடினால் மூக்கைத் தூக்கும். தான் எழுப்பிய அலை மேல் தானே ஏறும். ஏறி முடித்ததும் மூக்கைத் தாழ்த்தி, தண்ணீரின் மேல்தோலில் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். துறையில் இருப்பவர்கள் இதை ‘எழும்புறது’ என்பார்கள். எழும்பிவிட்டால் ஆட்டம் இல்லை, தெறிப்பு இல்லை, பெட்ரோலும் குறைவு. எழும்பாவிட்டால் மூக்கு வானத்தைப் பார்த்தபடி, பின்புறம் தண்ணீரில் அமுங்கியபடி, மலையேறுகிற பழைய பஸ் மாதிரி முனகிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அன்றைக்கு அது எழும்பவில்லை. மோட்டார் ஊரைக் கூட்டியது. முன்பக்கம் தூக்கிக்கொண்டதில் எதிரே ஏரி தெரியவில்லை, ஆகாயம்தான் தெரிந்தது. எழும்பும் எழும்பும் என்று அவன் முறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை எரிந்தது. பக்கவாட்டில் சீறிய தண்ணீரெல்லாம் நர்ஸின் மடியில் வந்து விழுந்தது. அக்கரையில் இறங்கியபோது அவள் சீருடையைப் பிழிந்துகொண்டு, பரவாயில்லை, முதல் நாள்தானே என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் மாற்றுத்துணியைப் பையில் எடுத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆண்களும் துறையில் கூடினார்கள். ஒரு படகு எழும்பவில்லை என்றால் துறையில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். லாஞ்சில் டிக்கெட் கொடுப்பவர் மோட்டாரை ஒரு துளை மேலே தூக்கி மாட்டச் சொன்னார். ஐஸ் கடைக்காரர் மோட்டாரின் சாய்வை மாற்றச் சொன்னார். பின்பலகையை ஒட்டி உள்ளே தள்ளினால் மூக்கு தாழுமாம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஸ்பார்க் பிளக் இரண்டையும் மாற்றச் சொன்னார். பெட்ரோல் டாங்க் பின்னால் இருப்பதே தப்பு, முன்னால் கொண்டுபோங்கள் என்றது யாரென்றே தெரியவில்லை, கூட்டத்திலிருந்து வந்த குரல்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். முன்பு முனகிக்கொண்டாவது போன படகு இப்போது அலறியது. புரொப்பெல்லர் காற்றைக் குடித்துவிட்டு வெறுமனே சுற்றியது; படகு நின்ற இடத்திலேயே சோப்புத்தண்ணீர் கலக்கியது. கரையில் இருந்தவர்கள் நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கண்ணாடிக்கடைக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் கண் பரிசோதிக்கும்போது ஒரு தடவைக்கு ஒரு லென்ஸ்தான் மாற்றுவான். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டு, ஆளின் வாயிலிருந்து பதில் வந்த பிறகே அடுத்ததைத் தொடுவான். அப்படிப்பட்டவன் இங்கே நாலையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எது உதவியது எது கெடுத்தது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தான். மச்சானிடம் சொன்னான். அவரும் தலையாட்டினார். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

மோட்டாரைப் பழைய துளைக்கு இறக்கினார்கள், அலறல் நின்றது. சாய்வை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். மூக்கு ஒரு சாண் தாழ்ந்தது. டாங்கை முன்னால் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பிளக்கால் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குள் மச்சான் மோட்டாரின் மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பிடியை முழுக்க முறுக்கச் சொன்னார். முறுக்கினான். சும்மா முறுக்கிக்கொண்டே இருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே விரலை விட்டு ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினார். அது இன்னும் நகர்ந்தது. உள்ளே ஓடுகிற கேபிள் தொய்ந்துபோய், முழு முறுக்குக்கும் முக்கால் வேகம்தான் போயிருக்கிறது. நாளெல்லாம் கேபிளோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். ஒரு நட்டைத் தளர்த்தி, இழுத்து, இறுக்கிக் கொடுத்தார்.

அது நல்ல வித்தியாசம். இப்போது படகு எழும்ப யோசித்தது. யோசித்ததே தவிர எழும்பவில்லை.

எல்லாருக்கும் மனதில் இருந்த ஒன்றை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் கண்ணாடிக்கடைக்காரன்தான், ரொம்பப் பக்குவமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மச்சான் ஒரே ஒரு தடவை கரையில் நின்று பார்க்கட்டுமே, படகு எப்படிப் போகிறது என்று வெளியிலிருந்து பார்த்தால்தானே தெரியும் என்றான். மச்சான் டூல் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். அன்று விடுமுறை என்பதால் நர்ஸும் வந்திருந்தாள். அவள் மெத்தை இருக்கையில் உட்கார்ந்தாள்.

படகு மூக்கைத் தூக்கியது. முக்கியது. ரொம்ப நேரம் முக்கியது. பிறகு ஒரு கணத்தில், யாரோ பின்னாலிருந்து கைகொடுத்தது மாதிரி, ஏறிவிட்டது. சத்தம் மாறியது. தெறிப்பு நின்றது. நர்ஸின் முடி கலைந்து பறக்க, அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அவன் துறைப் பக்கம் வளைத்துத் திருப்பி, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் கத்தினான்:

“எழும்பிடுச்சு மச்சான்!”

துறையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் மச்சான், கையில் டூல் பெட்டியுடன். யாரோ ஒருவர் கிளுக்கென்று சிரித்தார். மச்சானும் சிரித்தார், கையை உயர்த்திக் காட்டினார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. ஆட்களின் கண்ணைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவனுக்கு அது தெரியாமல் போகுமா? கத்திய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மச்சான் சொல்லியனுப்பினார். லாஞ்சே சௌகரியமாக இருக்கிறது, போகிற வழியில் தூங்கலாம், டூல் பெட்டி வேறு கனம், நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்று. நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு, அலாரத்தைப் பழைய நேரத்துக்கே திருப்பி வைத்தாள்.

“கோபமெல்லாம் இல்லைங்க. மூணு பேருக்குன்னுதானே வாங்கினோம்? அண்ணன் ஏற முடியாத படகுல நானும் ஏறல. ஏற முடியறப்போ சொல்லுங்க.”

அவள் அதை வரவழைத்துக்கொண்ட வருத்தம் எதுவும் இல்லாமல், தலைமுடியைக் கட்டிக்கொண்டே சொன்னதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

படகு துறையில் கட்டிக் கிடந்தது. மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. தினமும் கடை திறக்குமுன் போய் உள்ளே தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு வருவான். இறைக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: மச்சான் கனம் என்றால் நான் மட்டும் என்ன பூங்கொத்தா? கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கும் தொப்பை சட்டைப் பொத்தானைச் சோதிக்கிற அளவுக்கு வந்திருந்தது. இரண்டு பேரில் யார் இளைத்தாலும் கணக்கு ஒன்றுதானே. மனைவியிடம் மூச்சு விடாமல் இனிப்பை நிறுத்தினான். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பம்பு ஸ்டேஷன் சாலையில் வேக வேகமாக நடக்க ஆரம்பித்தான். வீட்டில் கேட்டால் கடையில் கூட்டம் என்பான்.

ஒருநாள் அப்படி வேர்க்க விறுவிறுக்க நடந்து தண்ணீர்த் தொட்டியின் வளைவில் திரும்பியபோது எதிரே ஒரு பெரிய உருவம், புத்தம்புது ஷூ போட்டுக்கொண்டு, கைகளை ராணுவத்தில் மாதிரி வீசிக்கொண்டு வந்தது. இருட்டவில்லை, ஒளியவும் இடமில்லை. இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

“இங்க ஒரு லிஃப்ட் பார்க்க வந்தேன், மாப்ளே.”

சுற்றிலும் ஒற்றை மாடிக் கட்டடம்கூடக் கிடையாது. புல்லும் தண்ணீர்த் தொட்டியும்தான். கண்ணாடிக்கடைக்காரன் தானும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. சிரிப்புதான் வந்தது. மச்சான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் தொட்டியின் மேலிருந்த காக்கை எழுந்து பறந்தது. இருவரும் தொட்டியின் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். மச்சான் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாராம். பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது என்று எழுந்து நின்று காட்டினார். அவனும் சட்டைப் பொத்தான் தளர்ந்திருப்பதைக் காட்டினான். யாருக்காக நடக்கிறோம் என்பதை இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை துறைக்கு வருவதாக மட்டும் பேச்சாயிற்று.

ஞாயிறு காலை இருவரும் ஏறினார்கள். டூல் பெட்டியைக்கூடக் கொண்டுவரவில்லை. இரண்டு இளைத்த ஆண்கள், முன்னால் தள்ளி வைத்த டாங்க், இழுத்துக் கட்டிய கேபிள். இதற்கு மேல் ஒரு படகுக்கு என்னதான் செய்ய முடியும்? அவன் நம்பிக்கையோடு முறுக்கினான்.

முன்னைவிட மோசமாக இருந்தது. மூக்கு தூக்கியது தூக்கியபடியே நின்றது. ஏரியில் பாதி தூரம் போய்த் திரும்பி வரும்வரைக்கும் இறங்கவே இல்லை. துறையில் டிக்கெட் கொடுப்பவர், சைக்கிளில் போகிற ஆளோடு பந்தயம் விட்டால் தோற்றுவிடுவீர்கள் என்றார்.

மச்சான் மட்டும் கோபப்படவில்லை. அவர் முகத்தில் வேறு ஏதோ ஓடியது. கட்டுத்தறியில் கயிற்றை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“மாப்ளே, நீங்களும் இளைச்சிருக்கீங்க, நானும் இளைச்சிருக்கேன். இது மட்டும் குண்டாயிட்டே போகுது.”

அவன் புரியாமல் பார்த்தான். மச்சான் தன் தொழில் பாஷையில் விளக்கினார். காலியான லிஃப்ட் திணறி ஏறினால் அவர் மோட்டாரைக் குறை சொல்ல மாட்டாராம். முதலில் பெட்டியின் கூரை மேல் ஏறிப் பார்ப்பாராம். ஒரு கட்டடத்தில் அப்படிப் பார்த்தபோது, வேலையாட்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன சிமெண்ட் மூட்டை மேலே இருந்து, வருஷக்கணக்காக டிக்கெட் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாம். நம் கண்ணுக்குத் தெரியாமல் இந்தப் படகிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார் அவர். எங்கே என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில் நர்ஸ் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணனும் கணவனும் ஒன்றாக நிற்பதைப் பார்த்து முகம் மலர்ந்தாலும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஆளில்லாமல் மிதந்த படகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டே தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

படகில் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பது மாதிரி அதன் பின்புறம் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் ஓடிய சிவப்புக் கோடு முன்னால் தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. பின்னால் போகப் போக முழுகிப்போயிருந்தது. வாங்கிய அன்று அந்தக் கோடு சுற்றிலும் தெரிந்தது அவளுக்கு நினைவிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே இறங்கினாள். தன் மெத்தை இருக்கையின் பக்கத்தில் குந்தி, தரைப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அங்குலம் அங்குலமாக நகர்ந்து நகர்ந்து அழுத்தினாள். இருக்கையின் திருகாணிக்குப் பக்கத்தில் அழுத்தியபோது, திருகாணியைச் சுற்றி ஒரு பழுப்பு நீர்வளையம் கசிந்து மேலே வந்தது. விரலை எடுத்ததும் உள்ளே போனது. திரும்ப அழுத்தினாள். திரும்ப வந்தது.

“அண்ணா, இங்க வந்து பாரு. கால் வீங்கி வர்றவங்களுக்கு அமுக்கிப் பார்ப்போம்ல, அதேதான். இதுக்கு நீர் கோத்திருக்கு.”

இரண்டு ஆண்களும் குனிந்து பார்த்தார்கள். தரைக்கும் அடித்தோலுக்கும் நடுவில் படகு முழுகாமல் இருப்பதற்காக நுரைப்பஞ்சு அடைத்திருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பஞ்சு தண்ணீர் குடிக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஸ்டுடியோக்காரர் காலத்திலேயே கொஞ்சம் குடித்திருக்க வேண்டும். மீதியை யார் ஊற்றிக் கொடுத்தது? அவன் அந்த நாலு திருகாணிகளையும் பார்த்தான். துளை போட்டதும் தானே, அதன் வாயை அடைக்காமல் விட்டதும் தானே. மழைத் தண்ணீர் தேங்கத் தேங்க, நாலு துளை வழியாகவும் உள்ளே இறங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படகைக் கொழுக்க வைத்திருக்கிறது. அவன் மேலே இறைத்ததெல்லாம் பஞ்சு குடித்தது போக மிச்சம்.

“இருக்கை சௌகரியமாத்தான் இருந்துச்சு” என்றாள் அவள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள்.

படகை இழுத்துக் கரையேற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள். ஐஸ் கடைக்காரர், இதென்ன படகா பாறையா என்று கேட்டார். மூக்கை உயரத்தில் நிறுத்தி, பின்பக்கம் அடிமட்டத்தில் மச்சான் ஒரு துளை போட்டார். தேநீர் நிறத்தில் தண்ணீர் விரல் தடிமனுக்கு ஊற்றியது. முதலில் எல்லாரும் ஆர்வமாகச் சுற்றி நின்றார்கள். பிறகு அலுத்துப்போய் உட்கார்ந்தார்கள். பிறகு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தபோதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

தரைப்பலகையைப் பெயர்த்தார்கள். உள்ளே இருந்த பஞ்சு பாலில் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. ஒரு துண்டைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர். அந்த மாதம் முழுக்க இரண்டு பேரும் வேலை முடிந்ததும் துறைக்கு வந்து, மண்டியிட்டுச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். உள்பக்கத்தைக் காயவைத்தார்கள். தண்ணீர் குடிக்காத கெட்டி ஃபோம் பலகைகளை வெட்டிப் பொருத்தினார்கள். புதுத் தரை போட்டு, ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் பசை வைத்து அடைத்தார்கள். மெத்தை இருக்கையை இந்தத் தடவை திருகாணியே இல்லாமல் பட்டையால் கட்டினார்கள்.

அப்படிச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நிமிர்ந்து பார்க்காமலே அவன் கேட்டுவிட்டான், அன்றைக்கு நான் கத்தினது ரொம்ப வருத்தமாகிவிட்டதா என்று. தங்கையை இன்னும் பாப்பா என்றே கூப்பிடுகிற மச்சான், கையிலிருந்த பஞ்சைப் பிழிந்து ஓரமாக எறிந்தார்.

“இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்காக விலகல, மாப்ளே. படகு எழும்பினப்போ பாப்பா சிரிச்சா பாருங்க, அவ அப்படிச் சிரிச்சுப் பார்த்து எத்தனையோ வருஷமாச்சு. நான் ஏறாம இருந்தா அவ தினமும் அப்படிப் போவாளேன்னு நினைச்சேன். அவ என்னடான்னா எனக்கு முன்னாடி வந்து லாஞ்ச்ல உட்கார்ந்திருக்கா.”

அவன் பஞ்சுத் தூசி என்று சொல்லி இருமிக்கொண்டான். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் ஒரு குடைக்குள் நடந்தார்கள். குடை அவன் கையில் இருந்தது, அவன் பாதி நனைந்தான். அதைப் பற்றி அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். இந்தத் தடவை மூன்று பேரே போதுமாக இருந்தது. சிவப்புக் கோடு நாலு பக்கமும் தெரிய, வாத்து மாதிரி உட்கார்ந்தது. நர்ஸ் மெத்தை இருக்கையில். மச்சான் நடுவில், டூல் பெட்டியோடு, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

அவன் முறுக்கினான். மூக்கு தூக்கியது. கைப்பிடியை அவன் இன்னும் இறுக்கிப் பிடிப்பதற்குள் மூக்கு தாழ்ந்துவிட்டது. முக்கலும் இல்லை முனகலும் இல்லை. மாடிப்படியின் கடைசிப் படியில் கால் வைத்து நிற்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக ஏறி நின்றது. மோட்டாரின் அலறல் ஒரு சீரான ரீங்காரமாக இறங்கியது. மச்சான் கண்ணைத் திறக்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, “ம், இப்போ காலி” என்று தலையாட்டினார்.

கரை இரண்டு பக்கமும் ஓடியது. வழியில் லாஞ்ச் ஏதோ ஒரு துறையில் சைக்கிள் ஏற்றிக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுப்பவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அக்கரையைத் தொட்டபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சுகாதார நிலையத்தின் வாசல் பூட்டியிருந்தது. காவலாளி வரவில்லை. முன்னால் நோயாளிகளும் இல்லை, ஒரு பூனைதான் படுத்திருந்தது. நர்ஸ் கம்பிக் கதவை ஆட்டிப் பார்த்தாள், எட்டிப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்தே வைக்கவில்லை. மச்சான் ஒரு கொட்டாவி விட்டு, வேண்டுமானால் இங்கேயே கொஞ்சம் தூங்கலாம் என்றார்.

அவள் தூங்குகிற ஆளாகத் தெரியவில்லை. படகுக்குத் திரும்பி வந்து, பையை அண்ணன் மடியில் வைத்துவிட்டு, கணவனிடம் எழுந்து முன்னால் போய் உட்காருங்கள் என்றாள். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்று பதிலுக்குக் கேட்டாள். எதிர்ப்பக்கம் திரும்பும் என்றான். சரி என்றாள்.

முதல் வளைவில் மூன்று பேரும் ஒரு பக்கமாகச் சரிந்தார்கள். மச்சான் பையையும் பெட்டியையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மெதுவா பாப்பா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது வளைவு சுத்தமாக வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அவன் போகிற திசையைப் பார்க்காமல் பின்னால் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் கண்களைச் சுருக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் மும்முரமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கரையில் காவலாளி வந்துவிட்டார். சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்து, நீர் மேல் வளைய வரும் படகில் இருப்பது நம்ம நர்ஸம்மாதானா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இன்னொரு சுற்றுக்குத் திருப்பினாள்.